சனிக்கிழமைச் சபையில் ஒரே ஒரு வக்கீல்

முத்தையா, அய்யா, எப்படி இருக்கிறாய்? திருநெல்வேலித் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? சாப்பாட்டுக் கடையில் மோர் என்று மோரைத்தான் ஊற்றுகிறானா, இல்லை தண்ணீரை வெள்ளையாக்கி ஊற்றுகிறானா? இங்கே எல்லாரும் சுகம். மயிலைக் காளைக்கு மட்டும் முன்கால் குளம்பில் சின்னதாக ஒரு வெடிப்பு. வேப்பெண்ணெய் போட்டு வருகிறேன், ஆறிவிடும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை பேச்சிதான் இதை எழுதுகிறாள். பேசுகிற மாதிரியே எழுதினால் அண்ணன் சிரிப்பான் என்று மிஷன் பள்ளிக்கூடத் தமிழில் மாற்றிப் போடுகிறாள். நடுவில் எங்கேயாவது நான் படித்தவன் மாதிரித் தெரிந்தால் அது அவள் வேலை.

உன் கடிதத்தை அவள்தான் படித்துக் காட்டினாள். கோர்ட்டில் நின்று பேச உனக்கு சன்னது கிடைத்துவிட்டது என்ற இடத்தில் உன் அம்மா அழ ஆரம்பித்தாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். திரும்பி வந்து மிச்சத்தைக் கேட்டேன். சனிக்கிழமைச் சபையில் வக்கீலுக்கு உள்ள இடத்தில் உன்னைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் உனக்கு எழுதியிருக்கிறார்கள். உனக்கு இங்கிலீசு சொல்லிக்கொடுத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்ட வக்கீல் ஐயா உயிரோடு இருக்கும்போது அவர் நாற்காலியில் போய் உட்கார முடியாது என்று நீ பதில் எழுதப் போகிறாய். எழுது. நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தச் சபை எதற்காக வந்தது, அந்த இடம் எப்படிக் காலியானது என்பது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ அப்போது சின்னப் பிள்ளை, பிறகு வெளியூர்ப் படிப்பு. நான் வக்கீல் ஐயாவுக்கு வண்டி ஓட்டுகிறவன். சபை கூடுகிற சனிக்கிழமையெல்லாம் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றவன். உள்ளே இருந்தவர்கள் மறந்ததும் எனக்கு நினைவிருக்கும், அவர்களுக்குப் பேச வேலை இருந்தது, எனக்குக் கேட்பதைத் தவிர வேலை இல்லை. கேட்டுவிட்டு எழுது.

மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிற ராவுத்தரை உனக்குத் தெரியும். ராஜபாளையத்தில் பஞ்சு வாங்கி விற்கிற ராஜுவையும் தெரியும். இன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் முந்தின நாளே போய் நிற்கிறார்கள். அந்தக் காலத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ராஜபாளையத்தில் ரோட்டோரம் ராவுத்தர் மிளகாய் காயப்போடும் களமும் ராஜுவின் பஞ்சுக் கிட்டங்கியும் அடுத்தடுத்து இருந்தன. காற்று அடித்தால் மிளகாய்த் தூள் பறந்து பஞ்சில் படியும். பஞ்சு வாங்க வந்த வியாபாரி கையை உள்ளே விட்டுப் பார்ப்பான், பிறகு அந்தக் கையாலேயே கண்ணைத் துடைப்பான். அதோடு வியாபாரம் முடிந்தது. ராஜு பிராது கொடுத்தார். ராவுத்தருக்கு நம் வக்கீல் ஐயா ஆஜரானார். கேஸ் வாய்தா மேல் வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. கோர்ட்டு வாசலில் ஒருவர் இந்த மரத்தடியிலும் ஒருவர் அந்த மரத்தடியிலும் நிற்பார்கள். நடுவில் புளியோதரை விற்கிறவள் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் மட்டும் இரண்டு பேரும் பேசுவார்கள்.

ஒரு ஐப்பசியில் வக்கீல் ஐயாவும் ராவுத்தரும் ராஜபாளையத்தில் அந்தக் களத்தை நேரில் பார்த்துவிட்டு, வாய்தாவுக்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் ராஜுவின் வண்டி அச்சு முறிந்து கிடந்தது. மழை தூற ஆரம்பித்துவிட்டது. வக்கீல் ஐயா என்னை நிறுத்தச் சொன்னார். எதிர்க்கட்சிக்காரர் ஆயிற்றே என்று நான் மெதுவாகக் கேட்டதற்கு, மழைக்கு எந்தக் கட்சியும் கிடையாது, ஏற்றிக்கொள் என்றார். ஏற்றிக்கொண்டேன். அந்தப் பக்கம் பார்த்தபடி ராவுத்தர், இந்தப் பக்கம் பார்த்தபடி ராஜு, நடுவில் வக்கீல் ஐயா. கொஞ்ச தூரம் போனதும் ஓடையில் மலைத் தண்ணீர் வந்துவிட்டது. மேற்கே மலையில் பெய்தால் இங்கே வெயிலடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வந்து நிற்கும் என்று உனக்குத் தெரியும். பின்னால் திரும்பலாமென்றால் அந்தப் பக்கம் இருந்த பள்ளத்திலும் தண்ணீர். நடுமேட்டில் வண்டி நின்றுவிட்டது. வெள்ளம் வடியும்வரைக்கும் மூன்று பேரும் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் ஆளுக்கொரு பக்கம் தண்ணீரைப் பார்த்தார்கள். பிறகு ராவுத்தர் பொதுவாக மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். ராஜு பொதுவாக மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அப்புறம் மிளகாய் நனைந்தால் என்ன ஆகும் என்று ராஜு கேட்டார். ராவுத்தர் சொல்ல ஆரம்பித்தார். பஞ்சு நனைந்தால் என்ன ஆகும் என்று இவர் சொன்னார். ஒருத்தர் பிழைப்பு மற்றவருக்கு அதுவரைக்கும் தெரியாது. ராவுத்தருக்குக் களத்தைக் கிழக்கே மாற்றிக்கொள்ள நிலம் இருந்திருக்கிறது. அங்கே போக வண்டிப் பாதைதான் இல்லை. பாதை ராஜுவின் புஞ்சைக்குள் போக வேண்டும். யாரும் கேட்கவில்லை, அதனால் அவரும் கொடுக்கவில்லை. தண்ணீர் வடிவதற்குள் கேஸ் முடிந்துபோயிற்று. வக்கீல் ஐயாவுக்கு அந்தக் கேஸ் கைவிட்டுப் போனதில் நஷ்டம்தான். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு ஒன்று சொன்னார். அவர் குரல் அப்போது வெண்கலம் மாதிரி இருக்கும், கோர்ட்டில் பேசினால் தேரடியில் கேட்கும் என்பார்கள்.

“இத்தனை வருசமா நீங்க ரெண்டு பேரும் வக்கீல் வாயாலதான் பேசினீய. இன்னைக்கு ஓடை வந்து உங்க வாயால பேச வச்சிருக்கு.”

“அப்ப வாராவாரம் ஓடைக்குள்ள வண்டிய விட்டுருவோமாண்டி?” என்றார் ராஜு. அவர் வீட்டில் தெலுங்கு, அந்த ‘அண்டி’ மரியாதைக்கு வருவது.

ராவுத்தர் சிரித்துவிட்டார். வக்கீல் ஐயா சிரிக்கவில்லை, யோசித்துக்கொண்டே வந்தார். வைத்தியரை நோய் வந்தால் பார்க்கிறோம், வக்கீலை வம்பு வந்தால் பார்க்கிறோம், வாத்தியாரைப் பிள்ளை தோற்றால் பார்க்கிறோம், ஒருவரை ஒருவர் சும்மா பார்ப்பதே கிடையாது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். இப்படி உருவானதுதான் அந்தச் சபை. பெரிய ஊர்களில் துரைமார் கிளப்புகள் இருந்தனவாம். அங்கே சீட்டும் பந்தும். இது அந்த வகை இல்லை.

ஆஸ்பத்திரி டாக்டரும் மிஷன் பள்ளி ஞானமுத்து வாத்தியாரும் சேர்ந்தார்கள். முதலில் யார் வீட்டில் கூடுவது என்று பேச்சு வந்தது. வீடு என்றாலே சிக்கல். யார் எந்தப் படி வரைக்கும் வரலாம், யார் வீட்டுச் செம்பில் யார் குடிக்கலாம் என்று ஆரம்பித்தால் அதைப் பேசி முடிக்கவே ஒரு கோர்ட்டு வேண்டும். வக்கீல் ஐயா அதற்கு ஒரு வழி சொன்னார். மண்டிக்குள் எல்லாரும் வந்து போகிறார்கள், ஆஸ்பத்திரிக்குள் எல்லாரும் வருகிறார்கள், வக்கீல் ஆபீசிலும் அப்படித்தான். ஆகவே வீட்டில் வேண்டாம், அவரவர் வேலை செய்யும் இடத்தில் முறைவைத்துக் கூடுவோம் என்றார். ஒரு வாரம் மண்டி, ஒரு வாரம் பள்ளிக்கூடம், ஒரு வாரம் ராஜபாளையத்துக் கிட்டங்கி. தின்பதற்கு யார் சமையலும் கூடாது. தோலோடு வாழைப்பழம், சீவாத இளநீர், அவ்வளவுதான். இளநீரை வாசலில் வைத்துச் சீவி ஆளுக்கொன்று கையில் கொடுத்துவிட்டால் எந்தச் செம்பும் நடுவில் வருவதில்லை. அதைச் சீவுகிற வேலை என்னிடம் வந்தது. இதை வைத்து அந்தச் சபையில் சாதியே இல்லை என்று நினைத்துவிடாதே. என்னை மாதிரி வண்டிக்காரனை அவர்கள் உள்ளே கூப்பிடவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அவர்களால் எவ்வளவு முடிந்ததோ அவ்வளவு செய்தார்கள்.

ஒரு தொழிலுக்கு ஒரு ஆள்தான் என்பது அடுத்த ஏற்பாடு. இரண்டு வக்கீல் இருந்தால் கேஸைப் பற்றிப் பேசுவார்கள், ஒரே சரக்கு விற்கிற இரண்டு வியாபாரி இருந்தால் விலையைப் பற்றிப் பேசுவார்கள், மற்றவன் கொட்டாவி விடுவான். ஒருவர் ஒருவர்தான் என்றால் தன் வேலையைப் பற்றி மற்றவருக்குப் புரிகிற மாதிரி சொல்லியாக வேண்டும். யார் இடத்தில் கூடுகிறார்களோ அவர் அன்றைக்குத் தன் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும். ஆஸ்பத்திரியில் முதல் முறை கூடியபோது டாக்டர் பல் பிடுங்குவதைக் காட்டினார். பல்லைக் கொடுத்த ஆள் வாயைக் கொப்பளித்துவிட்டு மம்சாபுரத்துக்கு நடந்தே போய்விட்டான். பார்த்துக்கொண்டிருந்த ராஜு மயக்கம் போட்டு விழுந்தார், அவரைத்தான் வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. மண்டியில் கூடியபோது கேட்கவே வேண்டாம். ஞானமுத்து வாத்தியார் போன வாரத்து நடவடிக்கைக் குறிப்பைப் படித்தார். ஒரு வரி படிப்பார், நாலு தும்மல். ராவுத்தர் ஒருவர்தான் தும்மவில்லை. எல்லாரும் மூட்டை மேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க அவர் ஒன்றும் நடக்காதது மாதிரி, “அடுத்த வரி வாசிங்க, வாத்தியாரே” என்றார்.

அவர்கள் ஊருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பாய். செய்தது பாதி, கெட்டது பாதி. ரோட்டோரம் மரம் வைத்தார்கள், ஆடு தின்றுவிட்டது. வாசகசாலை வைத்தார்கள், கரையான் படித்தது. ஆனால் ஒரு கோடையில் வாந்திபேதி வந்தபோது பார்த்தேன். முன்னெல்லாம் அந்த நோய் வந்தால் டாக்டர் ஒரு பக்கம் கத்துவார், ஜனங்கள் ஒரு பக்கம் ஓடுவார்கள். அந்த வருஷம் டாக்டர் எந்தக் கிணற்றை மூட வேண்டும் என்று சொன்ன அன்றைக்கே ராவுத்தர் சுண்ணாம்பு மூட்டைகளை அனுப்பிவிட்டார். ராஜு கிட்டங்கி ஆட்களைக் கிணறு இறைக்க விட்டார். வாத்தியார் பெரிய பையன்களைத் தெருத்தெருவாக நிறுத்தி, தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லிக் கூவ வைத்தார். வக்கீல் ஐயா தாலுகா ஆபீசில் போய் உட்கார்ந்து, உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார். ஒருவரும் ஒருவரையும் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு எது முடியும் என்று முன்பே தெரிந்திருந்தது. அதற்காகத்தான் அத்தனை சனிக்கிழமையும் தும்மியிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தர்மம் பண்ணச் சபை வேண்டியதில்லை, கையில் இருப்பவன் தனியாகவே பண்ணிக்கொள்ளலாம். தேவை வருவதற்கு முன்னாலேயே பழகி வைப்பதற்குத்தான் சபை. நீ சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்.

வாந்திபேதிக்குப் பிறகு சபைக்கு நல்ல பேர் வந்தது. பேர் வந்ததும் பென்ஷன் வாங்கிய தாசில்தார் ஒருவரும் வந்தார். வத்திராயிருப்புப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்தார். பழத்தைக் கூடைகூடையாக அனுப்புவார். நல்ல பழம், அதில் குறை சொல்ல முடியாது. தான் தலைமை வகித்து நடத்திக் கொடுப்பதாகச் சொன்னார். வேலையில் இருந்தபோது எல்லாரையும் நிற்க வைத்துப் பேசிப் பழகியவர். உள்ளே விட்டால் சபை தாலுகா கச்சேரி ஆகிவிடும். நேரே வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் தைரியம் இல்லை. வக்கீல் ஐயாதான் ஒரு சட்டம் எழுதினார். சபையில் இருக்கிறவர் தொழில் செய்துகொண்டிருக்க வேண்டும். தொழிலை விட்டால் அன்றோடு இடம் போயிற்று, எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி. தாசில்தாருக்கு மரியாதையாக அதைப் படித்துக் காட்டினார்கள். மாம்பழம் வருவது நின்றது. எல்லாருக்கும் அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. அப்போது ஒருவருக்கும் வயசு ஆகியிருக்கவில்லை.

இனிமேல் நடந்தது உனக்கு ஓரளவு தெரியும். போன வருஷம் வக்கீல் ஐயாவுக்குத் தொண்டை கட்டியது. சளி என்றார், சுக்குக் கஷாயம் குடித்தார். டாக்டர் பார்த்தார், மதுரைக்குப் போய்ப் பெரிய டாக்டரிடமும் காட்டினார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, குரல் திரும்பி வராது என்றுவிட்டார்கள். கோர்ட்டில் அவர் பேசுவது முன்வரிசைக்கே கேட்கவில்லை. முன்சீப்பு நல்ல மனுஷன், காதில் கையை வைத்துக்கொண்டு சாய்ந்து கேட்டுப் பார்த்தார். ஒருநாள் எதிர்க்கட்சி வக்கீலே எழுந்து, பெரியவர் சொல்வது இதுதான் என்று அவருக்காகச் சொன்னாராம். அன்றைக்கு வண்டியில் ஏறியவர் கறுப்புக் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் கோர்ட்டுக்கு வண்டி பூட்டச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை சபை ராஜுவின் கிட்டங்கியில். எல்லாரும் பழையபடி எழுந்து நின்று அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. தொழிலை விட்டுவிட்டதாகவும், அதனால் சட்டப்படி தனக்கு இங்கே இடம் இல்லை என்றும் சொன்னார். அந்தக் குரலில் சொன்னது ஜன்னலுக்கு வெளியே எனக்குக் கேட்கவில்லை. உள்ளே மற்றவர்கள் பேசியதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். டாக்டர் முடியாது என்றார். வாத்தியார் கௌரவ அங்கத்தினர் என்று ஏதோ சொன்னார். ராவுத்தருக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீங்க எழுதுன சட்டம்தான, நீங்களே ஒரு கோடு போட்டு அடிச்சிருங்க. எவன் கேக்கப் போறான்?”

அதற்கு அவர் ராவுத்தர் பக்கத்தில் போய் நின்று சொன்னார். வெளியே வந்தபிறகு ராவுத்தரே அதை என்னிடம் சொன்னார். தாசில்தாரை அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் அனுப்பினோம், எனக்காக அடித்தால் அன்றைக்கு நாம் சொன்னது பொய்யாகிவிடும் என்றாராம். அப்புறம் ஒரு இளநீரை மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

அதற்கப்புறம் வந்த சனிக்கிழமைகளைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். நான் வழக்கம்போல் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போவேன். மாட்டுக்கு அவர் படப்பில் வைக்கோல் எடுக்கிற சாக்கில்தான். அவர் வெளுத்த வேட்டி கட்டி, கோட்டுப் போட்டு, தலைப்பாகை வைத்துத் தயாராக இருப்பார். ஆபீஸ் முன்னறையைப் பூட்டிவிட்டார், அதனால் நடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். வண்டி பூட்டு என்று சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. இருட்டத் தொடங்கியதும் உள்ளே போய்த் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிடுவார். இதுபோல எத்தனை வாரம். அவியளைப் பற்றிக் கேட்டால் அவர் வீட்டு அம்மா சாப்பாடு குறைந்துபோச்சு என்று மட்டும் சொல்கிறார். மற்ற நாள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார், பேப்பர் படிக்கிறார். சனிக்கிழமைதான் ஆள் சுருங்கிக்கொண்டே வருகிறார். இப்படியே போனால் ஒரு சனிக்கிழமை தலைப்பாகைகூடக் கட்டமாட்டார் என்பதுதான் என் பயம்.

காலியான இடத்துக்கு ஊரில் இரண்டு வக்கீல்கள் போட்டி. ஒருவரை எடுத்தால் மற்றவர் முகம் கோணும், அதனால் ராவுத்தர்தான் உன் பேரைச் சொன்னாராம். சபையில் எதிர்ப்பு இல்லை என்கிறார்கள். வண்டிக்காரன் மகன் என்பதை யாராவது நினைத்திருப்பார்கள், வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுக்குச் சந்தோஷம். உன் கடிதம் வந்ததும் மண்டிக்குப் போய் ராவுத்தரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மிளகாயைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஏலே, அவியளுக்குத் தொண்டைதான போச்சு. எழுதுற கைக்கு என்ன வந்துச்சு?”

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். பிராதும் பதிலும் மனுவும் அவரைப் போல எழுத இந்தத் தாலுகாவில் ஆள் கிடையாது. எழுதுவதற்குக் குரல் வேண்டியதில்லை. உன் மகன் கோர்ட்டில் பேசட்டும், அவிய எழுதிக் கொடுக்கட்டும். பேசுகிற வக்கீல் ஒரு தொழில், எழுதுகிறவர் இன்னொரு தொழில், எங்கள் சபையில் எழுதுகிற தொழில்காரர் ஒருவரும் இல்லை. சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட அடிக்க வேண்டாம் என்றார். அப்புறம் கையிலிருந்த மிளகாயைக் கீழே போட்டுவிட்டு, “ஆனா நா சொன்னா அவிய கேக்க மாட்டாக. பிச்சை போடுதான் ராவுத்தன்னு நினைப்பாக. நீ போய்ச் சொல்லு” என்றார்.

நான் எப்படிச் சொல்வேன்? என் மகனுக்கு நீர் குமாஸ்தா வேலை பாரும் என்று அவரிடம் போய்ச் சொல்லுகிற வாய் எனக்கு இருக்கிறதா? நாலு நாள் போவதும் வருவதுமாக இருந்தேன். போன சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது, உன் பேச்சை மட்டும் எடுத்தேன். நீ அந்த இடம் வேண்டாம் என்கிறாய், அவர் நாற்காலியில் உட்காரக் கூசுகிறது என்று எழுதியிருக்கிறாய் என்றேன். அவர் பக்கத்தில் வரச் சொன்னார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

“நாற்காலியா? எந்த நாற்காலியச் சொல்லுதான்? மண்டியில மூட்டை மேல உக்காந்தேன். பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைக பெஞ்சுல காலை மடக்கிக்கிட்டு உக்காந்தேன். எனக்குன்னு ஒரு நாற்காலி அங்க எப்ப இருந்துச்சு?”

அவ்வளவு நீளமாக அவர் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. இருமல் வந்துவிட்டது. தணிந்ததும், நீ ஆபீசை எங்கே போடுவாய் என்று கேட்டார். வேலை செய்யும் இடம் இல்லாதவனுக்குச் சபையில் முறை வராதே என்றார். அந்த இடத்தில் எனக்கு வாய் திறந்துகொண்டது. முன்னறை பூட்டித்தானே கிடக்கிறது ஐயா என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொல்லிவிட்டேன்.

“பையன் பேசட்டும். எழுதுறத ஐயா எழுதுங்க. அவனுக்கு எழுத்து இன்னும் எம்புட்டோ பழகணும்.”

“யாரு சொல்லிக்கொடுத்த பேச்சுலே இது? ராவுத்தரா?”

ஆமாம் என்றேன். அவரிடம் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. அவர் பூட்டிக் கிடந்த முன்னறைக் கதவைப் பார்த்தார். பிறகு, அவன் பேருக்குக் கீழே என் எழுத்தா என்று கேட்டார். கேட்டது என்னையா, தன்னையேவா என்று தெரியவில்லை. உள்ளே எழுந்து போய்விட்டார். அன்றைக்கு இருட்டுவதற்கு முன்னாலேயே தலைப்பாகையைக் கழற்றிவிட்டார். நான் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டே மாட்டை ஓட்டி வந்தேன். அதற்குப் பிறகு நாலைந்து நாளாக ஆள் அனுப்பவில்லை. நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆகவே முத்தையா, விஷயம் இவ்வளவுதான். நீ மறுத்தால் அந்த இடம் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிடப் போவதில்லை. அவரே வாங்கமாட்டார். இரண்டு வக்கீல்களில் ஒருவர் போவார், அவருடைய ஆபீசில் சபை கூடும், வக்கீல் ஐயா நடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நீ மரியாதை என்று நினைத்துச் செய்வது அவர் பக்கத்தில் போய்ச் சேராது. நீ ஏற்றுக்கொண்டாலும், அவர் சம்மதிக்காவிட்டால் வேறு எங்கேயாவது ஒரு அறை பிடிக்க வேண்டும். அப்போதும் அவர் ஸ்டூலில்தான். அவர் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியாது. ஊரில் பெரிய வக்கீலாக இருந்தவர், தன் வண்டிக்காரன் மகன் பேசுவதற்காக எழுதிக் கொடுப்பாரா? நான் அவராக இருந்தால் செய்வேனா என்று யோசித்துப் பார்த்தேன். செய்யமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் நான் அவர் இல்லை. ஒருவேளை அவர் ஒத்துக்கொண்டால் நீ ஒன்று செய்ய வேண்டும். அவர் எழுதியதைத் திருத்தாதே என்று சொல்லவில்லை. தப்பு இருந்தால் திருத்து. தெரிந்தும் விட்டுக்கொடுத்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும், அன்றோடு பேனாவை வைத்துவிடுவார். அவரிடம் ரொம்பப் பணிந்தும் நிற்காதே. சண்டை போட வேண்டிய இடத்தில் போடு. கோர்ட்டில் அவரை எதிர்த்துப் பேசினவர்களைத்தான் அவருக்குப் பிடிக்கும், நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, நீ ஊருக்கு வந்ததும் முதலில்…

பேச்சி பேனாவை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். யாரோ வண்டிச் சக்கரத்தைத் தட்டுகிற சத்தம். நான் எழுந்து பார்த்துவிட்டு வந்தேன். வக்கீல் ஐயா நிற்கிறார். இந்தத் தெருவுக்கு அவர் வந்ததே கிடையாது. நடந்தே வந்திருக்கிறார், முழங்கால் வரைக்கும் செம்மண் புழுதி. கூப்பிட்டால் குரல் எட்டாது என்று கைத்தடியால் சக்கரத்தைத் தட்டியிருக்கிறார். உன் அம்மா உட்கார எதைப் போடுவது என்று தெரியாமல் உரலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருக்கிறாள். இன்றைக்குச் சனிக்கிழமைகூட இல்லை. முன்னறையைத் திறந்து தூசி தட்டினாராம். அங்கே இன்னொரு மேசை போட இடம் போதுமா என்று அளந்து பார்த்துக்கொண்டு, செட்டியார்பட்டி ஆசாரியிடம் போய்ச் சொல்ல வேண்டுமாம். ஒரே மேசையை இரண்டு பேர் வைத்துக்கொண்டால் காகிதம் கலந்துபோகும் என்கிறார். அளக்கக் கயிறு எடுத்துக்கொண்டு வண்டியைப் பூட்டு என்கிறார், மறுபடியும் சக்கரத்தைத் தட்டுகிறார். இதோ வாரேன் ஐயா. பேச்சி, இதை மட்டும் எழுதிவிடு. முத்தையா, சபைக்குப் பதில் எழுதும்போது உன் ஆபீஸ் இருக்கும் இடம் என்று வக்கீல் ஐயா வீட்டு முன்னறையைப் போடு.